எதிர்வாதம் கோபிகாவினுடையது

என் தங்கமான கோபிக்கு,

தமிழில் எழுதுகிறேன் என்று திட்டாதே. ஆங்கிலத்தில் எழுதப் போய்த்தான் இந்த நிலைமையில் நிற்கிறேன். என்னைத் திருடி என்கிறார்கள், கோபி. அதுவும் உன்னிடமிருந்து திருடினேனாம். செத்துப்போன பெண் எழுதி வைத்ததை எடுத்துத் தன் பெயரில் கொடுத்துவிட்டாள் என்று வகுப்பு முழுக்கப் பேச்சு. இப்படி ஒன்று நடந்தால் உன்னிடம்தான் முதலில் ஓடி வந்திருப்பேன். இப்போது எங்கே ஓட?

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலாமாண்டு ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் நாம் இருவரும் கடைசிக்கு முந்தின பெஞ்சு. இருவருமே பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. சுகன்யா மேடம் முதலில் எழுதச் சொன்ன கட்டுரையில் நான் என் ஊர் மிக அழகானது என்று தொடங்கி ஒரு பக்கம் நிரப்பியிருந்தேன். அவர் கீழே சிவப்பில் ‘சரி, அதனால் என்ன?’ என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ உன் தாளைத் திருப்பிக் காட்டினாய். உனக்கும் அதே கேள்வி. அதற்கப்புறம் ஒரு வாரம் நாம் எதற்கெடுத்தாலும் ‘சரி, அதனால என்ன?’ என்று கேட்டுக்கொண்டு திரிந்தோம்.

பிறகு மேடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இன்னொருவர் மறுக்கக்கூடிய ஒன்றைத்தான் கட்டுரையில் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் வேண்டும், ஆதாரம் வேண்டும். நம்மை மறுப்பவர் என்ன சொல்வார் என்பதையும் நாமே நேர்மையாக எழுதி, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். எதிர்வாதம் இல்லாத கட்டுரை வெறும் மேடைப்பேச்சு என்றார். நீ என் காதில், “சண்டை போடறதுக்கு மார்க்கு தர்றாங்கடி. நம்ம ரெண்டு பேத்துக்குன்னே வச்ச பரீட்சை” என்றாய்.

ஒரே தலைப்பை எடுத்துக்கொண்டோம். விசைத்தறிகள் வீட்டுக்குள் இருக்கலாமா, ஊருக்கு வெளியே கொட்டகைக்குப் போக வேண்டுமா? ஆட்டையாம்பட்டியில் தறி ஓடும் வீட்டில் பிறந்த நீ, வெளியேதான் போக வேண்டும் என்றாய். சேந்தமங்கலத்துப் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டுக்காரர் மகளான நான், வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். பெண்கள் வீட்டை விட்டுப் போகாமல் சம்பாதிக்க முடிகிறதே, அது சின்ன விஷயமா என்று கேட்டேன்.

“தறிச் சத்தத்துல ஒரு நாளைக்குப் படுத்துத் தூங்கிப் பாரு புள்ள. அப்பறம் வந்து பேசு” என்றாய்.

சாயங்காலம் கல்லூரி பஸ்கள் கிளம்பும்வரை உன் பஸ்ஸில் உட்கார்ந்துதான் அந்தச் சண்டையைப் போட்டோம். உனக்கு எதிர்வாதம் வேண்டும், அதை நான் சொன்னேன். எனக்கு எதிர்வாதம் வேண்டும், அதை நீ சொன்னாய். நீ தமிழில் சொல்லச் சொல்ல நான் என் போனில் ஆங்கிலத்தில் அடிப்பேன். நீ எட்டிப் பார்த்து ஒரு வார்த்தையை மாற்றுவாய். நான் இன்னொன்றை மாற்றுவேன். பிறகு அந்தப் பத்திகளை இருவரும் அவரவர் கட்டுரைக்குள் போட்டுக்கொண்டோம்.

அப்படி ஒரு மாலையில்தான் நீ அதைச் சொன்னாய். தறி ஓடுகிற வீட்டில் அம்மா கூப்பிடுவது பிள்ளைக்குக் கேட்காது. பிள்ளை கூப்பிடுவது அம்மாவுக்குக் கேட்காது. கொஞ்ச நாளில் இரண்டு பேரும் கூப்பிடுவதையே விட்டுவிடுவார்கள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் அதை ஆங்கிலத்தில் எழுத ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு வார்த்தையை நீ திருத்திய பிறகுதான் அது சரியாக வந்தது.

நீ சொன்னது, நான் எழுதியது, நீ திருத்தியது. அப்படியென்றால் அந்த வாக்கியம் யாருடையது, கோபி?

முதல் பிரதியை நீ முன்கூட்டியே கல்லூரிக் கணினியில் ஏற்றிவிட்டாய். எதிலும் முந்திக்கொள்கிறவள் நீ. அடுத்த வாரமே காய்ச்சல் என்று லீவு போட்டாய். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவள் உன் வீட்டுக்குத்தான் வந்தேன். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. உனக்குப் பிடித்த அமைதி.

கட்டுரையைக் கொடுக்கும் நாள் வந்தபோது என்னால் அதைத் திறந்து ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியவில்லை. இருந்தபடியே ஏற்றிவிட்டேன்.

சில நாள் கழித்து சுகன்யா மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் உன் பிரதியும் என் கட்டுரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டு பத்திகள் மஞ்சளாகத் தெரிந்தன. இரண்டும் ஒன்று என்று கணினி கண்டுபிடித்துவிட்டது.

“சௌமியா, இது கோபிகா எழுதினது. அவ ஏத்தின தேதி இதுல இருக்கு. நீ என்ன சொல்ற?”

“நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினதுங்க மேடம்.”

“அதுக்கு ஏதாவது இருக்கா? வாட்ஸப்ல பேசிக்கிட்டது, அனுப்பிக்கிட்டது?”

தேடிப் பார்த்தேன். சாப்பிட்டியா, பஸ் வந்துச்சா, நாளைக்கு என்ன கலர் சுடிதார். நம்முடையதெல்லாம் அவ்வளவுதான். பேச வேண்டியதை எல்லாம் நாம் நேரில்தானே பேசினோம்? அடித்துவைத்ததையும் அப்போதே அழித்துவிட்டிருந்தேன். போனில் இடம் பற்றாது என்று உனக்குத் தெரியுமே.

அந்த மஞ்சளில் ஒரு பத்தி நான் சொன்னது. பெண்கள் வீட்டிலிருந்தே சம்பாதிப்பது பற்றி. அதை நீ என்னிடமிருந்து எடுத்தாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. கேட்டிருந்தால் நானே அவர்கள் மேல் பாய்ந்திருப்பேன். ஆனால் அப்போது திருடி என்று மிஞ்சுவது நான் ஒருத்தி மட்டும்தானே?

வகுப்பில் யாரும் வாய்விட்டுத் திட்டவில்லை. நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் மூடினேன். இந்தத் தாளில் பூஜ்யம் என்றால் இன்டர்னல் மார்க் போகும்; பாடம் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் பேரோடு சேர்த்து இந்த வார்த்தை என் மேல் ஒட்டிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் லைப்ரரிக்குப் பின்னால் நின்று, நானும் அந்தக் காய்ச்சலில் போயிருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் சொல்கிறேன். உன்னிடம் எதற்கு மறைக்க?

பேச்சு ஆட்டையாம்பட்டி வரைக்கும் போய்விட்டது என்று தெரிந்ததும் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். பெரியம்மா தறியில் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் சுவர் வழியே வந்தது.

“வா சாமி. உக்காரு.”

“பெரியம்மா, என்னயப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“சொன்னாங்க.” கையைச் சேலையில் துடைத்தார்கள். “எடுத்துக்கிட்டா எடுத்துக்கிட்டுப் போவுது சாமி. அவளுக்கு இனி எதுக்கு அது? நீயாச்சும் படிச்சு மேல வா.”

“நான் எடுக்கல பெரியம்மா. சத்தியமா எடுக்கல.”

“செரி சாமி, எடுக்கல. வெய்யில்ல வந்துருக்கற. சாப்புட்டுப் போ.”

திட்டியிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன். அவர்கள் என்னை மன்னித்தார்கள், கோபி. செய்யாததற்கு மன்னித்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினேன்.

கிளம்பும்போது கேட்டார்கள். “அப்படி என்ன சாமி எழுதியிருந்தா?”

“தறியப் பத்திங்க.”

“நம்ம தறியப் பத்தியா?” அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ போன பிறகு முதல் முறையாக அதில் கொஞ்சம் வெளிச்சம். “நல்லதா எழுதியிருந்தாளா?”

“நல்லா எழுதியிருந்தா பெரியம்மா.”

நான் சொன்னது பொய் இல்லை. முழுசாகவும் சொல்லவில்லை. அம்மா கூப்பிடுவது கேட்காது என்று நீ எழுதியதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? நீ ஏன் அதை அவர்களிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை?

மறுநாள் துறைத்தலைவர் முன்னால் விசாரணை. சுகன்யா மேடமும் இருந்தார். ஆங்கிலத்தில் சொல்லத் தயார் செய்துகொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை. தமிழில் எல்லாவற்றையும் கொட்டினேன். பஸ், ஜன்னல், யார் எந்த வார்த்தையை மாற்றினோம் என்பது வரை. ஐயா கேட்டுவிட்டு, “இதுக்கு சாட்சி இல்லியேம்மா” என்றார்.

மேடம்தான் பேசினார். “சார், அவ சொல்றத நான் நம்பறேன். ரெண்டு கட்டுரையும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்குது. காப்பி அடிக்கிறவ தன்னையே மறுக்கிற வாதத்தையும் சேர்த்து எடுக்க மாட்டா.” எனக்கு மூச்சு வந்தது. அவர் அப்படியே என் பக்கம் திரும்பினார். “ஆனா தப்பு இருக்கு சௌமியா. அவ சொன்ன கருத்து உன் கட்டுரைல இருக்கு. அவ பேரு இல்ல. உனக்கு ஒண்ணைக் கொடுத்தவங்க யாருன்னு படிக்கிறவங்களுக்குச் சொல்லணும். அதுதான் இந்த எழுத்தோட முதல் ஒழுங்கு. ஃபிரண்டா இருந்தாலும் சொல்லணும்.”

நமக்குள் பேர் எதற்கு என்று இருந்துவிட்டேன், கோபி. ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்களுக்குள் எது யாருடையது என்று எழுதி வைப்பார்களா? ஆனால் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. நீ இருந்தவரை உன் பேர் எழுதாமல் போனால் பரவாயில்லை, நீயே வந்து சொல்லிக்கொள்வாய். இப்போது நான் எழுதாவிட்டால் உன் பேரை யார் சொல்வார்கள்?

திருத்தி எழுத ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். மதிப்பெண் பாதிதான் என்றார்கள். ஒப்புக்கொண்டேன்.

திருத்தும்போது ஒவ்வொரு வரியாக யோசித்தேன். இது அவள் சொன்னது, இது நான், இது இரண்டு பேரும். உன்னுடையதற்கெல்லாம் உன் முழுப் பெயரைப் போட்டேன். ‘நேரில் பேசியது’ என்று குறித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து செய்த வரிகளுக்கு இரண்டு பெயரும். பிறகு உன் எதிர்வாதத்துக்கு என் பதிலை எழுத உட்கார்ந்தேன். முன்பு எழுதியிருந்த பதில் இப்போது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்தது. உன் வீட்டில் கேட்ட அந்தப் பக்கத்துச் சுவர்ச் சத்தம் காதிலேயே இருந்தது. உனக்கு முழுதாகப் பதில் என்னிடம் இல்லை என்றே எழுதிக் கொடுத்தேன்.

மேடம் எதிரிலேயே படித்தார். ‘கோபிகா வாதிட்டாள்’ என்று நான் இறந்தகாலத்தில் எழுதியிருந்ததை அடித்து, நிகழ்காலத்தில் ‘வாதிடுகிறாள்’ என்று மாற்றினார்.

“அவ இல்லீங்களே மேடம்” என்றேன்.

“ஒருத்தங்க எடுத்துவச்ச வாதத்தை நிகழ்காலத்துலதான் எழுதறது வழக்கம், சௌமியா. உயிரோட இருக்காங்களா இல்லியாங்கறது அதுல வராது.” சொல்லிவிட்டுப் பேனாவை மூடி, கண்ணாடியைக் கழற்றினார்.

பாடம் தேறிவிட்டது, கோபி. சொற்ப மதிப்பெண்தான். பக்கத்தில் இருந்தவர்களில் சிலர் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள், சிலர் வரவில்லை. அடுத்த கட்டுரைக்குத் தலைப்பு கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு பக்கம்தான் தெரிகிறது. என்னை மறுத்துப் பேச ஆள் இல்லாமல் வெள்ளைத் தாளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு நான் என்ன செய்ய?

ஒன்று மட்டும் செய்வேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டையாம்பட்டிக்கு வருகிறேன். பெரியம்மாவைத் தறியை நிறுத்தச் சொல்லி, நீ சொல்லாமல் போனதைத் தமிழில், மெருகு பூசாமல், ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொல்லப் போகிறேன். அவர்கள் அழுவார்கள். என் மேல் கோபம்கூட வரலாம். வரட்டும். நீ எழுதிய அந்த வரியே உன் அம்மாவைக் கூப்பிட்டதுதான்; கூப்பிடுவதை நீ நிறுத்திவிடவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடுவதால் உனக்குத் தங்கை முறையாகிறவள்,
சௌமியா