கேன் தண்ணீர் குடித்த தக்காளிக்கும் கரும்புள்ளி

அனுப்புநர்:
இஷ்தியாக் அகமது,
தோல் பதனிடும் டேனரி உரிமையாளர்,
வாணியம்பாடி.

பெறுநர்:
வட்டாரத் தோட்டக்கலை அலுவலர் அவர்கள்.

பொருள்: தக்காளி விதையை மரபணுச் சோதனைக்கு அனுப்பிவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் டேனரிக்குப் பின்னால் அரை ஏக்கரில் தக்காளி பயிரிடுபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இன்பசேகரன். இருபது வருட தோஸ்த். சென்ற மாதம் அவர் செடிகளில் இலையெல்லாம் கரும்புள்ளி, காயெல்லாம் சொறி. என் கழிவுநீர்தான் காரணமென்று தங்களுக்குப் புகார் எழுதினார். என் வாசலுக்கும் வந்து, "பாய், உங்க தண்ணியாலதான் என் தக்காளி போச்சு. இனிமே உங்க வூட்டு டீ எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பேச்சில்லை. எனக்கு ஒரே பேஜாராக இருக்கிறது.

2. எனக்குத் தமிழ் பேச வரும்; மனு எழுத வராது. எங்கள் தெருவில் மனு எழுதத் தெரிந்தவர் ஒருவரே. ஆகவே நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவரும் அதே இன்பசேகரன்தான். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

3. தங்கள் அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று பாட்டில் தண்ணீர் எடுத்தார். விதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டைக்கு முன்பு ஆசிரியர் தம் கையாலேயே கொடுத்த, அவர் தோட்டத்தில் போட்ட அதே பொட்டலத்து விதையை என் மனைவி நசீமுன்னிசா மொட்டை மாடித் தொட்டியில் போட்டு, நாங்கள் குடிக்கும் கேன் தண்ணீரையே ஊற்றி வளர்த்தாள். அதிலும் அதே கரும்புள்ளி, அதே சொறி.

(எழுதுபவர் குறிப்பு: வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இருக்கக் கேன் தண்ணீர் ஏன் என்று கேட்டேன். மனுதாரர் இருமினார்.)

4. வேலூரில் நுண்ணுயிரியல் படிக்கும் என் மகள் ஹுமேரா, இது விதையோடு வரும் பாக்டீரியா நோயாக இருக்கலாம் என்கிறாள். விதையை ஊறவைத்து அரைத்து, கிருமியின் மரபணுத் துணுக்கு இருந்தால் அதை பி.சி.ஆர். கருவியில் லட்சக்கணக்கில் பெருக்கிப் பார்ப்பார்களாம். கிருமி கொஞ்சமாக ஒளிந்திருந்தாலும் மாட்டிக்கொள்ளுமாம். ஆனால் தங்கள் கையொப்பமும் முத்திரையும் இல்லாத பொட்டலத்தை ஆய்வகத்தில் வாங்க மாட்டார்களாம்.

5. ஆசிரியரிடம் அதே விதை இன்னும் இரண்டு பொட்டலம் உள்ளது. வரும் 12ஆம் தேதி நாற்றுவிடப் போகிறார். கோபத்தில் என்னைப் பார்க்கிறாரே தவிர, விதையைப் பார்க்கவில்லை. அதிலும் கிருமி இருந்தால் அடுத்த போகமும் போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. டேனரி ஓரத்தில் பட்டுப்போன தென்னை மரங்கள் விஷயத்தில் நான் வாயே திறக்க மாட்டேன், ஐயா. தக்காளியில் மட்டும் நான் நிரபராதி. 12ஆம் தேதிக்குள் முத்திரையிட்டு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

இடம்: வாணியம்பாடி
நாள்: 02.06.2007

இப்படிக்கு,
இஷ்தியாக் அகமது

இணைப்பு: விதைப் பொட்டலம் ஒன்று.

(எழுதியவர் குறிப்பு: இணைத்திருப்பது என்னிடம் இருந்த இரண்டில் ஒன்று. முடிவு வரும்வரை மற்றதை விதைக்க மாட்டேன். மனு எழுதுகையில் மனுதாரர் வீட்டு டீ இரண்டு டம்ளர் குடித்தேன். அதனால் புகாரை வாபஸ் வாங்கியதாகக் கருத வேண்டாம். – இன்பசேகரன்)