கூட்டக் குறிப்பில் இல்லாத உன் கோரிக்கை

உன் மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் சொட்டிக்கொண்டிருக்கிறது. வீடு முழுக்க ரப்பர் வாடை. போன ஜூலையில் நீ கழற்றி என் தோளில் போட்டது. திருப்பிக் கொடுக்கணும், கொடுக்கணும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் நீ போய்விட்டாய். இன்று காலை பரணிலிருந்து எடுத்தபோது அதன் பையில் ஓர் அட்டை இருந்தது. அன்றைக்கு ஹோட்டலில் என் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டை. என் பெயருக்குக் கீழே ‘நிபுணர்’ என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் போட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு லோக்கல் ரயிலேறி தளேகாவ் போய் உன் பழைய வாடிக்கையாளர் காகாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதற்காகத்தான் போனேன், அதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

நாம் இருவரும் சேர்ந்துதான் சி.ஏ. படிக்க ஆரம்பித்தோம். நான் முடித்தேன். நீ பாதியில் விட்டுவிட்டு, புனே கட்கி பஜாரில் மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறையில் பங்குத் தரகு ஏஜென்ட் ஆனாய். உன்னிடம் வந்தவர்கள் எல்லாம் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர்கள், நர்ஸுகள், பஸ் கண்டக்டர்கள். நான் ஏசி ஆபீஸில் பெரிய கம்பெனிகளுக்கு வரி ஆலோசனை சொன்னேன், தரகர் சங்கத்தின் வரிக் குழுவில் போய் உட்கார்ந்தேன். ஆனால் அரசாங்கச் சுற்றறிக்கை எதையாவது கடைசி வரி வரைக்கும் படித்த ஆள் நம் இருவரில் நீதான். நான் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் ஆபீஸில் நானே படித்த மாதிரி பேசுவேன்.

பங்குப் பரிவர்த்தனை வரிகளைக் காலத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், அதற்குத் துறை நிபுணர்களின் கருத்து வேண்டும் என்று டெல்லியிலிருந்து ஒரு குழு புனேவுக்கு வந்தது. சங்கத்தின் சார்பில் போக வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. செய்தி கேட்டதும் நீ குதித்தாய். பங்கை விற்றால் விற்ற தொகையின் மேல் பிடிக்கிற வரி, லாபமா நஷ்டமா என்று பார்ப்பதில்லை. தளேகாவ் கண்ணாடி ஃபேக்டரியில் வேலை பார்த்த காகா, மனைவியின் ஆபரேஷனுக்காக அடிமாட்டு விலைக்கு விற்றபோதும் பிடித்தார்கள். அந்த ரசீதை நீ என் முன்னால் ஆட்டிக் காட்டினாய்.

“லாபத்துல புடிக்கட்டும்டீ, வேண்டாங்கல. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு நஷ்டத்துக்கு விக்கறவர்கிட்டயும் புடிச்சா எப்படி? சின்னத் தொகைதான். அதனாலதான் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேங்கறான்.”

வைத்தியச் செலவுக்காக நஷ்டத்தில் விற்கிற சிறு முதலீட்டாளருக்கு அந்த வரியைத் திருப்பித் தர வேண்டும். உன் கோரிக்கை அவ்வளவுதான். கோடு போட்ட நோட்டுத் தாளில் நாலு பக்கம், தமிழில் எழுதியிருந்தாய். உனக்கு யோசனை தமிழில்தான் ஓடும். கீழே பதினோரு பேர் மராத்தியில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் கைநாட்டு. “நீ உன் இங்கிலீஷ்ல அழகா சொல்லிடு கோமதி. என்னோடது ஏஜென்ட் இங்கிலீஷ்” என்று சிரித்தாய்.

அன்றைக்குக் கூட்டம் நடந்த ஹோட்டலுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டதும் நீதான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. “பட்டுப்புடவை நனைஞ்சா உன்னை நிபுணர்னு எவன் நம்புவான்?” என்று கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, நீ தொப்பலாக நனைந்தபடி ஓட்டினாய்.

லிஃப்டில் ஏறும்போதே எங்கள் சங்கத் தலைவர், நாலு விஷயம்தான், ஐந்தாவது கிடையாது என்று விரலை மடக்கிக் காட்டினார். உள்ளே பெரிய தரகு கம்பெனிகளின் மும்பைக்காரர்கள் திரை நிறையப் படம் காட்டினார்கள். எந்த வரியை எதோடு சேர்ப்பது, எந்த மென்பொருள் வசூலிப்பது என்று ஒரு மணி நேரம் போயிற்று. என் முறை வந்தது, நாலையும் சொன்னேன். உன் தாள் என் ஃபைலுக்கு அடியில் இருந்தது. தலைமை வகித்த அதிகாரி நல்ல மனுஷர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார், சிறு முதலீட்டாளர்கள் தரப்பில் வேறு ஏதாவது உண்டா என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நோ சார்” என்றேன். சாப்பிடப் போகலாம் என்று எழுந்துவிட்டார்கள்.

வெளியே வந்தால், எதிர்ப்பக்கம் டீக்கடையின் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நீ நிற்கிறாய்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“கேட்டுக்கிட்டாரு. எழுதிக்கிட்டாரு.”

“அவரேவா எழுதினாரு? பக்கத்துல இருந்தவனா?”

“அவரேதான்.”

நீ டீக்காரரிடம் இன்னும் ரெண்டு அரை கிளாஸ் ‘கட்டிங்’ டீ சொன்னாய். அப்புறம் போனை எடுத்து “சாங்கித்லம் காகா, சாங்கித்லம்!” என்று நடுத்தெருவில் நின்று மராத்தியில் கத்தினாய். சொல்லிவிட்டாளாம். நான் அந்த டீயையும் வாங்கிக் குடித்தேன்.

ஆகஸ்டில் கூட்டக் குறிப்பை இணையத்தில் போட்டார்கள். யார் எதைப் பேசினார்கள் என்று பெயர் வாரியாக. இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். உன்னை வைத்துக்கொண்டு அப்படி நினைத்தேன் பார், என்னைப் போல முட்டாள் உண்டா? கணபதி பண்டிகைக்கு உன் வீட்டுக்கு வந்தபோது, தட்டில் மோதகம் வைத்துக்கொண்டே, “ஏன்டீ, எங்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?” என்றாய். “என்ன இருக்கு? மோதக் சூப்பர்” என்றேன். இன்னொன்று எடுத்து வைத்தாய்.

தீபாவளிக்கு முந்தின வாரம் உனக்கு மாரடைப்பு. பதிமூன்றாம் நாள் உன் ஆட்கள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்காகப் பேசியது நீங்கள்தானே என்று மராத்தியில் கேட்டு அழுதாள். நான் தலையாட்டினேன். காகா மட்டும் என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இன்று அவர் வீட்டில் தரையில் உட்கார்ந்து, அரைகுறை மராத்தியில் சொல்லிவிட்டேன். காகா, நான் அன்றைக்கு உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று. அவர் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் தள்ளினார்.

“தெரியும் மேடம்” என்றார். பேத்தி போனில் அந்தக் குறிப்பைக் காட்டினாளாம். கோபத்தோடு உன் ஆபீஸுக்கு ஓடி வந்தாராம். உன் மேஜை மேல் அதே குறிப்பை ஏற்கெனவே அச்செடுத்து வைத்திருந்தாயாம், என் பெயருக்குக் கீழே பென்சில் கோட்டோடு. நீ அவரிடம், “மற்றவர்களிடம் சொல்லாதீர்கள் காகா. அவள் நல்லவள். அவளாக வந்து சொல்லுவாள், அதுவரைக்கும் விடுங்கள்” என்றாயாம். வந்து கேட்ட மற்றவர்களிடமெல்லாம், சொன்னாள், எழுதுகிறவர்கள் விட்டுவிட்டார்கள் என்று நீயே சொல்லி அனுப்பினாயாம்.

உனக்குப் பொய் வராது. ஒரு சினிமாவுக்குப் போனதைக்கூட அம்மாவிடம் மறைக்கத் தெரியாதவள் நீ. எனக்காக எத்தனை பேரிடம் சொன்னாய்?

மழைக்காலம் முடிந்ததும் இரண்டாவது சுற்று இருக்கிறது. இந்த முறை முதலில் உன் கோரிக்கையைத்தான் வைப்பேன் என்று காகாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். வைப்பேன். ஆனால் நீ காத்திருந்தது அதற்கில்லை என்று எனக்குத் தெரியும்.

சங்கத் தலைவருக்குப் பயந்தேன், நேரமாகிவிட்டது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். அந்த அதிகாரி கேட்டபோது என் கை ஃபைலுக்கு அடியில் போனது. தாளின் முனையைத் தொட்டேன். நோட்டுத் தாள், உன் குண்டு குண்டுத் தமிழ், ஒரு கைநாட்டு. அதை அந்த மேஜை மேல் எடுத்து வைத்தால் அந்த மும்பைக்காரர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று பார்த்தேன். பயம் இல்லை அது. உன்னை என் சிநேகிதி என்று காட்டிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. நீ அப்போது கோட்டு இல்லாமல் எதிரே மழையில் நின்றுகொண்டிருந்தாய்.