பெஞ்சில் இருப்பவளுக்கு எதற்கு நீலப் பாட்டில்?

“ஓடுற பிள்ளைக்குத் தெம்பு வேணாமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குளிக்கப் போய்விட்டீர்கள், அப்பா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

தங்கச்சி எங்கே ஓடினாள்? நேற்றுக் கால்பந்து ஆட்டம் முழுக்க மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு பாட்டில் விளையாட்டு பானத்தைக் குடித்து முடித்தாள். அந்தத் தெம்பெல்லாம் வீட்டுக்கு வந்து என் கட்டில்மேல் குதித்தது. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பாலைவனத்தைக் கடப்பவன்கூடத் தண்ணீர்தான் கேட்கிறான். நம் வீட்டில் பெஞ்சைத் தேய்ப்பவளுக்கு நீலச் சர்க்கரைத் தண்ணீர்! “மணிக்கணக்கா விடாம ஓடுறவங்களுக்கு வேணா சரி. இவளுக்குத் தண்ணியே போதும், பல்லாவது மிஞ்சும்” என்றார், அவளைக் கூட்டிப்போனபோது பல் டாக்டர். நீங்கள் அவருக்கே ஒரு பாட்டிலை நீட்டினீர்கள்.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில். மீதி பாட்டில்களை ஒளித்துவிட்டேன், தேடாதீர்கள்.

பி.கு.: வருகிற பந்தைக் காலால் நிறுத்த அவளுக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் பெஞ்ச். “அப்பா பாட்டில் வாங்கித் தர்றாரு, கூட ஆடத்தான் வரமாட்டேங்கறாரு” என்கிறாள். இன்று மாலை அவளோடு வாசலில் கொஞ்ச நேரம் பந்து உதைப்பீர்களா?