வெட்டிய வரி

காலையில் உன் தம்பி இறால் அனுப்பியிருந்தான். தக்கை போல லேசான வெள்ளை ரெஜிஃபோம் பெட்டி, மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப். மூடியின் மேல், தன் அக்கா உன்னைப் பற்றிப் பேனையால் எழுதியிருந்தான்: "ராத்தாட புதுப் பொத்தகம் எப்ப வரும்?" திறந்ததும் ஐஸும் உப்பும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. மறுபடி அழுத்தி மூடிவிட்டு, குசினியிலேயே கதிரையை இழுத்துப்போட்டு இதை எழுதுகிறேன். நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போய் இரண்டு நோன்பு மாதம் கடந்துவிட்டது. எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. உன் மேலும்தான்.

கைநூலின் புதிய பதிப்புக்காகப் போன கிழமை கூட்டம் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கலங்களை ஒவ்வொன்றாக ஒளிக்கு முன்னால் ஓடவிட்டு இனம் பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு, தமிழில் வேலை செய்கிறவர்களுக்கென்று நாம் சேர்ந்து எழுதிய அதே நூல்தான். புதிய இயந்திரங்கள், வர்ணப் படங்கள், சாயங்களின் புதிய அட்டவணை என்று எல்லாவற்றுக்கும் பக்கம் ஒதுக்கினார்கள். இரத்தம் எடுத்து அனுப்பும் பகுதியை மட்டும் அரைப் பக்கமாகக் குறைக்கலாமாம்.

முதல் பதிப்பின்போது, நீ வேலை பார்த்த புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துண்டுக் கடதாசி அனுப்பினாய். "இரத்தக் குழாயை ஐஸில் வைக்கக் கூடாது" என்று ஒரு வரி. அதன் கீழே எனக்கு மட்டும்: "நம்மட ஆக்கள் எதையும் ஐஸ்ல போட்டுத்தான் கொழும்புக்கு அனுப்புவாங்க. எழுதி வைக்காட்டி இதையும் போடுவாங்க." நான் கற்பிட்டியில் பிறந்தவள். இறாலும் மீனும் மட்டுமல்ல, கல்யாணப் பூவும் ஐஸில் போவதைப் பார்த்து வளர்ந்தவள். நீ எழுதியது எவ்வளவு உண்மை என்று அன்றைய கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். குழுத் தலைவர் வரியைப் படித்துவிட்டு, இது ஆய்வுகூடத்துக்கு எழுதும் நூலா, மீன் வாடிக்கு எழுதுவதா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீன்காரர் மகள் என்று தெரிந்துவிடுமோ என்ற வெட்கம், வேறென்ன? பேனையை எடுத்து, உன் கடதாசியிலேயே கோடு இழுத்து அந்த வரியை வெட்டியதும் நான்தான்.

உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "சரி, விடு. அடுத்த பதிப்புல பாப்பம்." தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, புத்தளத்து முகாமில் தண்ணீர் கொண்டுவரும் பௌசருக்கு முண்டியடித்து வளர்ந்தவள் நீ. வாளியோடு எவரையும் முன்னால் விடவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். என்னிடம் மட்டும் ஏனடி விட்டுக்கொடுத்தாய்? வாய் நிறைய ஏசியிருக்கக் கூடாதா?

பிறகு உனக்கே காய்ச்சல் வந்தது. உன் இரத்தத்தில் இருக்கக் கூடாத கலங்கள் இருந்தன. அது எந்த வகைப் புற்று என்று அறிய, குழாய் கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வர வேண்டும். அன்று ஆஸ்பத்திரி வாகனம் இல்லை. உன் தம்பியின் லொறி கொழும்புக்குப் புறப்பட நின்றது. நீ நினைவில்லாமல் கிடந்தாய். உன் இடத்தில் வேலை பார்த்தவர் நம் கைநூலைத் திறந்து பார்த்துத்தான் குழாயை அவனிடம் கொடுத்திருக்கிறார். ஐஸ் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ராத்தாவின் இரத்தம் கெட்டுவிடக் கூடாதென்று, நல்ல இறாலுக்குச் செய்வதை அவன் அதற்கும் செய்தான். தூளாக்கிய ஐஸுக்குள் புதைத்தான். இன்னும் குளிரட்டும் என்று இரண்டு கை உப்பும் தூவினான்.

பெட்டியைத் திறந்தது நான். குழாய் உறைந்து கட்டியாகியிருந்தது. உருகிய பிறகு பார்த்தால் கலங்கள் எல்லாம் வெடித்து, வெறும் சிவப்புத் தண்ணீர். மறுபடி இரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வந்து மருந்து தொடங்க மூன்று நாள் பிந்தியது. அந்த மூன்று நாள்தான் உன்னைக் கொண்டுபோனது என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மௌத்து வீட்டில் எல்லோரும் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். நானும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். முதல் குழாய் பழுதாகிவிட்டது என்று மட்டும் உன் தம்பியிடம் சொல்லியிருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை.

இந்தக் கூட்டத்தில் நான் சிரிக்கவில்லை. அந்த வரி முதல் பக்கத்தில் வராவிட்டால் எங்கள் இருவர் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். அடிக்குறிப்பாகப் போடலாம் என்று தலைவர் சமாதானம் பேசினார். உங்கள் அடிக்குறிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கத்திவிட்டேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் முதல் பக்கத்தில் வந்தால் உன் தம்பியும் அதைப் படிப்பான். புத்தகம் பார்த்து அவன் அறியக் கூடாது.

இதுவரை எழுதிவிட்டு பஸ் ஏறி ஆலங்குடாவுக்கு, உன் தம்பியிடம் போனேன். மீதியைத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

மீன் இறக்கும் வாடியில் ஐஸ் அள்ளிக்கொண்டு நின்றான். உன் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் அள்ளும் சவளை நிலத்தில் ஊன்றியபடி கேட்டான்.

"அப்ப நான்தான் கெடுத்தேனா, மிஸ்?"

"இல்ல. ஐஸ் போடுவாங்க எண்டு உங்கட ராத்தா எழுதித் தந்தா. நான்தான் அதை வெட்டினேன்."

சவளை வீசி எறிந்துவிட்டுக் கடற்கரைக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான். கடதாசியை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தான்.

"இது சின்னன். பெரிசா போடுங்க. லொறிக்காரனுக்கும் விளங்கோணும்."

எப்போது போனாலும் தேத்தண்ணி குடிக்காமல் விடாதவன், இன்று இருக்கக்கூடச் சொல்லவில்லை. அவன் செய்தது சரி.

உன் கடதாசி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. நாளை அதைத்தான் அச்சகத்துக்குக் கொடுக்கப்போகிறேன். முதல் பக்கம் முழுக்க, உன் கையெழுத்தை அப்படியே பெரிதாக்கிப் போடச் சொல்வேன், அதன் மேல் நான் இழுத்த கோட்டோடு.