எதிர்ச்சுவரில் நான்கு மாடி உயரத்துக்கு நான்

மார்ச் 3

இரத்த அழுத்தம் கூடிவிட்டதாம். தினமும் நடங்கள், கோபப்படாதீர்கள் என்கிறார் டாக்டரம்மா. மாலகா என்கிற இந்தக் கடற்கரை ஊரில், சுற்றுலாப் பயணிகளின் பெட்டிச் சக்கரங்கள் விடிவதற்கு முன்பே கடகடக்கும் எங்கள் தெருவில், கோபப்படக் கூடாதாம். அந்தம்மா எந்த ஊரில் குடியிருக்கிறாரோ! பள்ளிச் சமையற்கூடத்தில் நாள் முழுக்க நிற்கிறேனே, அது கணக்கில் வராதா என்று கேட்டேன். வராதாம். நிற்பது வேறு, நடப்பது வேறு என்று ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 8

மாடிப்படியில் வாயைத் திறந்தது தப்பு. நான்காம் மாடி ஃபெர்மினின் காதுக்குப் போய்விட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ஊரையே காலால் அளப்பது என்று கிளம்பியிருக்கிறார். காலையிலேயே கதவைத் தட்டினார்.

"கெளம்பு கசில்தா. ஊர்ல இருக்கிற சுவரையெல்லாம் காட்டுறேன்."

"சுவரப் பாக்க வெளிய எதுக்குங்க வரணும்? வீட்லயே நாலு இருக்கே."

"அதுல படம் இல்லையே."

போனேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு குடியிருப்புச் சுவரில் ஏழு மாடி உயரத்துக்கு ஆக்டோபஸ். ஃபெர்மின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். தேவாலயத்தில்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இந்த வீட்டுக்காரி ஜன்னலைத் துடைக்க எந்தக் காலுக்கு நடுவே கையை விடுவாள்?

மார்ச் 15

இன்று ஆற்றுக்குள் நடை. எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீரைத் தவிர எல்லாம் உண்டு. நாய்கள், பந்தாட்டம், காதலர்கள், கரை நெடுக ஸ்பிரே பெயிண்டில் வரைந்த படங்கள். ஃபெர்மின் ஒவ்வொன்றையும் சொந்தக்காரரைப் போல அறிமுகம் செய்துவைக்கிறார்.

"இந்தப் பறவைக்குப் போன மாசம் ரெண்டு தல இருந்துச்சு. எவனோ ஒண்ண அழிச்சிட்டான்."

"மிச்சம் இருக்கிறதாவது யோசிக்கட்டும்."

கடல் வரைக்கும் போய்விட்டோம். முழங்கால் வலிக்க மறந்துவிட்டது. பொறுப்பில்லாத முழங்கால்.

மார்ச் 29

கோட்டைக் குன்று. ஏறி முடித்தபோது என்னிடம் மூச்சும் இல்லை, வசவும் இல்லை. கீழே எருதுச் சண்டை அரங்கு, கப்பல்துறை, ஊரைவிடப் பெரிதாக ஒரு சுற்றுலாக் கப்பல். அதிலிருந்து இறங்குகிற அத்தனை பேரும் எங்கள் தெருவுக்குத்தான் வருவார்கள், வேறு எங்கே போவார்கள்? ஃபெர்மின் பைன் மர நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தார். எனக்கு உரிக்கத் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. தின்றேன்.

ஏப்ரல் 14

என் பால்கனிக்கு எதிரே இருக்கும் ஜன்னலில்லாத பெரிய சுவருக்குக் கிரேன் வந்திருக்கிறது. நகராட்சி படம் வரைய ஏற்பாடு செய்திருக்கிறதாம். சாக்கடை அடைப்பு எடுக்க மூன்று வருடமாக வராத நகராட்சி.

கிரேன் தொட்டியில் ஒரு பெண். நெரேயா என்று பெயர், முப்பது இருக்காது, தலைமுடி பச்சை. காலை எட்டு மணியிலிருந்து கிரேன் அலறல். துணி காயப்போட வந்த நான், கிளிப்பும் கையுமாகக் கத்தினேன்.

"ஏம்மா, ஊரு தூங்க வேணாமா? உன் கிரேனுக்கு எண்ணெய் போட ஆள் இல்லையா?"

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. சிரித்தாள். போனை எடுத்து என்னைப் படம் பிடித்தாள்.

"அப்படியே கத்துங்க கசில்தாம்மா, நல்லாருக்கு!"

பெயரை யார் சொன்னது? நான்காம் மாடியில் தொப்பி ஒன்று சட்டென்று உள்ளே போனது.

ஏப்ரல் 27

அது நான்.

நேற்று வரை வெறும் கோடு. இன்று மூக்கு வந்துவிட்டது. என் அம்மா கொடுத்த மூக்கு, இப்போது அரை மாடி உயரத்துக்கு. வாய் பப்பரக்கா என்று திறந்திருக்கிறது. தூக்கிய கையில் துணிக் கிளிப். இதே வீட்டு அங்கி, பித்தான் போன அதே இடம்.

"என்ன ஃபெர்மின், இது உங்க வேலைதானே?"

"நான் பேரு மட்டும்தான் சொன்னேன். மூக்கு நீயே கொண்டு வந்தது."

அழிக்கச் சொல்லப் போகிறேன். நாளைக்கு. இன்றைக்குக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில்தான்.

மே 9

தினமும் இரண்டு சுற்றுலாக் கூட்டம். வழிகாட்டிப் பையன் குடையைத் தூக்கிக்கொண்டு விளக்குகிறான்: "பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும் தெற்கத்தித் தாய்." எனக்குப் பிள்ளை இல்லை. கட்டியவன் ஒருத்தன் இருந்தான், கூப்பிட்டாலும் வந்ததில்லை, கடைசியில் போயே போய்விட்டான். இதையெல்லாம் மேலேயிருந்து திருத்தினேன். கூட்டம் கைதட்டியது. நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

அழிக்கச் சொல்ல இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 8

எங்கள் கட்டடம் கைமாறிவிட்டது. புது உரிமையாளர் ஒரு கம்பெனி. அதன் சார்பில் போர்ஹா என்று ஒரு இளைஞன், சாக்ஸ் போடாத காலில் பளபளக்கும் ஷூ, புகைப்படக்காரனோடு வந்தான். சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து அப்படியே குளிர்ந்துபோனான்.

"மேடம், நீங்கதானா அது! பால்கனியில ஒரு துடைப்பத்தோட நில்லுங்களேன். பின்னால ஓவியம் தெரியட்டும். இந்த ஏரியாவோட உயிரே நீங்கதான்!"

"எதுக்குப்பா படம்?"

"இங்க சுற்றுலாக்காரங்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போற விடுமுறை வீடுகளுக்கு விளம்பரம் மேடம். ஓவியத்தப் பாத்துக்கிட்டே காலைச் சாப்பாடு."

"எந்த வீடு?"

கொஞ்சம் இருமினான். "உங்களோட வாடகை ஒப்பந்தம் செப்டம்பர்ல முடியுது. புதுப்பிக்கிறதா இல்ல. எல்லாம் சட்டப்படிதான்."

அதாவது, முகம் இருக்கலாம். முகத்துக்குச் சொந்தக்காரி கிளம்ப வேண்டும். நல்லவேளை, துடைப்பத்தை இன்னும் கையில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இதைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

ஜூன் 9

இருபது வருசத்துக்கு மேல — இந்த வீட்ல — எங்க போவேன் நான்? இந்த ஊர்ல இப்ப எவன் எனக்கு வீடு குடுப்பான்? என் சம்பளத்துக்கு?

வேலைக்குப் போகவில்லை. எதிர்ச்சுவரில் நான் கத்திக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குள் ஒரு சத்தமும் வரவில்லை.

ஜூன் 13

ஃபெர்மின் வற்புறுத்தி பெட்ரெகலேஹோ கடற்கரைக்கு இழுத்துப் போனார். அங்கே பழைய படகில் மணலை நிரப்பி, தீ மூட்டி, குச்சியில் குத்திய மத்தி மீனைச் சுடும் இடத்தில் நெரேயா காத்திருந்தாள். இவர் வரச் சொல்லியிருக்கிறார். கண் வீங்கியிருந்தது அவளுக்கு.

"நான் வரைஞ்சதாலதான் அவனுங்களுக்கு ஆச வந்துச்சும்மா. அழிச்சிடறேன். வெள்ளையடிச்சிடறேன்."

மத்தி மீனின் முள்ளை எடுத்தபடி யோசித்தேன். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டும் ஒருத்தன் காலைச் சாப்பாடு சாப்பிடுவான். அவனுக்கு என்ன நஷ்டம்?

"வேணாம். நானே அங்க இருக்கேன். என்னைய எதுக்கு நானே அழிக்கணும்?"

"அப்ப என்ன செய்யறது?"

"கையில அந்தக் கிளிப்பு எதுக்குடி எனக்கு? படத்துல விரல நீட்டுற மாதிரி போடு."

ஃபெர்மின் மீனைக் கீழே வைத்துவிட்டார். நெரேயா முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு பச்சை முடியை ஒதுக்கிக்கொண்டு மேசைக் காகிதத்தில் வரைய ஆரம்பித்தாள். வீடு போகிற வருத்தத்தில் பசிக்காது என்கிறார்கள். நான் இரண்டு குச்சி மீன் தின்றேன்.

ஜூன் 19

மெருகேற்ற என்று சொல்லி நெரேயா கிரேனை மறுபடி வரவழைத்தாள். தொட்டியில் என்னையும் ஏற்றினாள். தலைக்கவசம், இடுப்பில் பட்டை. கீழே பார்க்காதீர்கள் என்றாள், பார்த்தேன். ஃபெர்மின் தெரு நடுவே நின்று, வருகிற ஸ்கூட்டரையெல்லாம் பழைய பஸ் ஓட்டுநர் அதிகாரத்தோடு திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்.

கிளிப் போனது. சுட்டுவிரல் வந்தது. நேராக என் இரண்டாம் மாடிப் பால்கனியைக் காட்டுகிற விரல். அதன் கீழே நெரேயா எழுதியதில் கடைசி வார்த்தைக்கு மட்டும் நானே வண்ணம் பூசி முடித்தேன்:

"அது என் வீடு."

பூசியதையே இரண்டாம் முறையும் பூசினேன். வண்ணம் மெலிதாக இருந்ததால்.

ஜூன் 26

போர்ஹா போனில். இப்போது 'மேடம்' என்ற பேச்சே இல்லை.

"என்னங்க இது? அந்த விரல் படுக்கையறைக்குள்ளயே நீளுது!"

"சரியான அறைதான் தம்பி. நான் அங்கதான் படுக்கிறேன்."

நகராட்சியிடம் போயிருக்கிறான். படம் வரைந்தவளின் உரிமை, தொட முடியாது என்று கையை விரித்துவிட்டார்களாம். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. விடுமுறை வீட்டு விளம்பரத்தில் இப்போது சுவர் இல்லை, வெறும் கட்டில் மட்டும்.

இதனால் ஒப்பந்தம் நீண்டதா? இல்லை. கதைகளில் நீண்டிருக்கும்.

ஆகஸ்ட் 16

மலைப்பக்கத்திலிருந்து அடுப்புக் காற்று. ஊரில் திருவிழா, எல்லோரும் ஆடுகிறார்கள். நான் பெட்டி கட்டுகிறேன். பார்த்த வீடுகள் மூன்று. ஒன்றில் ஜன்னல் இல்லை, ஒன்றின் வாடகைக்கு வெட்கம் இல்லை, மூன்றாவது ஊரிலேயே இல்லை.

மாலையில் ஃபெர்மின் வந்து வாசலிலேயே நின்றார். அவருடையது பழங்காலத்து ஒப்பந்தம், உயிரோடு இருக்கும் வரை யாரும் அசைக்க முடியாது.

"மேல ஒரு ரூம் சும்மா கெடக்கு. பழைய ரேடியோ அது இதுன்னு. எடுத்துப் போட்டுடலாம்."

"எனக்கு யாரோட எரக்கமும் வேணாங்க."

"எரக்கமா? தனியா சாப்பிட்டுச் சாப்பிட்டு வாய் செத்துப்போச்சு எனக்கு. திட்டறதுக்காவது ஒரு ஆள் வேணாமா?"

"நான் கத்துனா நாலு மாடிக்குக் கேக்கும்."

"தெரியும். அதான் எதுர்ல போட்டிருக்கே."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு வெகுநேரம் கதவைச் சாத்தாமலே நின்றேன். ஏனென்று தெரியவில்லை. காற்றுக்காக இருக்கும்.

செப்டம்பர் 30

சாவியைக் கொடுத்தேன். போர்ஹா கை குலுக்க வந்தான். இரண்டு கையிலும் பெட்டி இருந்தது, மன்னித்துக்கொள்ளட்டும்.

மாடிப்படி கீழே மட்டும் போவதில்லை.

அக்டோபர் 18

இரண்டாம் மாடிக்கு முதல் விருந்தாளிகள் வந்து இரண்டே நாளில் வேறு அறை கேட்டார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் ஜன்னலைத் திறப்பதே இல்லை.

இங்கே நான்காம் மாடியில் சமையலறை அலமாரிகள் எல்லாம் பஸ் ஓட்டுநர் உயரத்துக்கு. உப்பு டப்பாவை எடுத்து எனக்கு எட்டுகிற கீழ்த்தட்டில் வைத்தேன். ஃபெர்மின் காலையெல்லாம் தேடினார், என்னிடம் கேட்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தார். சர்க்கரையையும் இறக்கி அதன் பக்கத்தில் வைத்தார்.