கட்டின் நடுவில் இருந்த சூடு

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

கல்லறைக்குப் பூவோடு வருவதற்கு முன் ஒரு செய்தி. உங்கள் தம்பி டேவிட்டைச் செம்பூர் தபேலாவில், அந்த எருமைத் தொழுவத்திலேயே, எல்லோரும் பார்க்கத் தலைகுனிய வைத்துவிட்டேன்.

மறந்திருப்பீர்களா? தபேலாக்களுக்கு விற்கும் புல்லைப் பூக்கத் தொடங்கும்போதே அறுக்க வேண்டும் என்பீர்கள். பனி உலர்ந்தபின் அறுத்து, மெல்லிசாகப் பரப்பி, புரட்டிப் போட்டு, தண்டு முறுக்கினால் ஒடியும் பதத்தில்தான் கட்டுவீர்கள். டேவிட் எடைக்காக விதை முற்றும்வரை விட்டான். மண்ணோடு வழித்து அறுத்தான். ஈரம் போகுமுன் கட்டினான். வடாலா கிடங்கில் கட்டுக்குள்ளேயே சூடேறிப் பூசணம் பிடித்தது. எருமைகள் இருமி, பால் வற்றியபோது, "அண்ணன் கட்டின புல்லு" என்று தபேலா முதலாளி சேட்டிடம் உங்களைக் கைகாட்டினான்.

நீங்கள் வாய் திறக்கவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுக்க மனமில்லையா? அந்தப் பழியோடுதான் உங்களைப் புதைத்தேன்.

இப்போது தபேலாவைப் பார்ப்பது சேட்டின் மகன். டேவிட்டின் லாரி வரும்போது கூப்பிடச் சொல்லியிருந்தேன். நேற்று கூப்பிட்டான்.

"என்ன மதினி, சாணி நாத்தத்துல வந்து நிக்கிய? வெள்ளைச் சேலை அழுக்காயிராதா?" என்று டேவிட் சிரித்தான்.

"சேலைய நான் துவைச்சுக்கிடுவேன். நீ அந்தக் கட்ட அவுரு."

"பாருங்க, பச்சப்பசேல்னு இருக்கு."

"மேல பச்சையத்தான் வைப்ப. நடுவுல கைய விடு."

அவன் விடவில்லை. நான் விட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. உள்ளிருந்து பிடுங்கிய புல்லை அவன் முகத்துக்கு நேரே உதறினேன். வெள்ளைத் தூசி பறந்தது. சேட்டின் மகனும் கையை விட்டுப் பார்த்து, "பாப்ரே, கரம் ஹை!" என்று சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டான்.

"அன்னைக்கும் இதே சூடுதான். கட்டினது யாரு?"

"நான்தான் மதினி."

"இந்தியில சொல்லு. இவங்களுக்கும் புரியணும்."

கூடிநின்ற தபேலா ஆட்கள் கேட்கச் சொன்னான். லாரி இறக்காமலே திரும்பியது.

மன்னிக்கச் சொல்வார் பாதர். கன்னியர் மடத்துப் பள்ளியில் அதை மனப்பாடமாகவே ஒப்பித்தவள் நான். மன்னிப்பேன், அவசரமில்லை. விக்ரோலியிலும் நெருளிலும் அவன் புல் போடும் தபேலாக்கள் இருக்கின்றன. அங்கும் அவன் கட்டுகளை அவன் முன்னாலேயே பிரிப்பேன், உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே. இது சத்தியம்.

சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். நன்றாகக் காய்ந்ததும் பூவோடு கிளம்புகிறேன்.

உங்கள் மனைவி,
டேவிட்டுக்கு இன்னும் மதினி,
ரோஸ்லின்