இசக்கியின் மஞ்சள் தண்ணீர்

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆடும் நலம். உன் அப்பாவும் நலமாகத்தான் இருக்க வேண்டும், என்னிடம் பேசுவதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் குழம்பு மட்டும் இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்கிறார். அருணாசலப் பிரதேசத்து மலையில் ரோடு போடுகிற நீ சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா, நான் கொடுத்துவிட்ட சுக்குப்பொடியைத் திறந்தாவது பார்த்தாயா என்று எழுது.

அன்றைக்குப் போனில் ஒரே ஒரு பேச்சுச் சொன்னாய், டவர் போய்விட்டது. அது இங்கே என்ன பாடு படுத்தியது என்று உனக்குத் தெரியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நம் ஊருக்கு மேலே இருக்கிற வெள்ளோடை அணை எனக்கு மூத்தது, எனக்காவது வருஷத்துக்கு ஒரு சேலை உண்டு, அதற்கு ஒரு கூடை மண் போட்டவன் கிடையாது. கரையின் அடியில் நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கசியும் அல்லவா, நீ வேலைக்குப் போன பிறகு அந்தக் கசிவுக்கு ஊற்று இசக்கியம்மன் என்று பேர் வைத்து, டைல்ஸ் ஒட்டி, கோயிலும் கட்டிவிட்டார்கள். அணை ஒழுகினால் மற்ற ஊரில் மனு கொடுப்பார்கள், நம் ஊரில் உண்டியல் வைப்பார்கள். கோயிலுக்குத் தலைவர் நம் பாசனச் சங்கத்து நாறும்பூநாதன் அண்ணாச்சி, கோயில் வேலையெல்லாம் உன் அப்பா. போலீஸில் இருந்தபோது ஒரு திருடனைக்கூடப் பிடிக்காத மனுஷர் ரிட்டயர் ஆனதும் சாமியைப் பிடித்துக்கொண்டார்.

புரட்டாசி முடிகிற சமயம் அந்த ஊற்றுத் தண்ணீர் மஞ்சளாக வந்தது. அவ்வளவுதான், அம்மன் மஞ்சள் நீராடுகிறாள் என்று அச்சன்புதூரிலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்து குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அணையைப் பார்க்க வேண்டிய ஆபீஸ்காரரும் வந்தார், ஜீப்பை விட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றி, தன் சம்சாரத்துக்கு ஒரு கேன் பிடித்துக்கொண்டு போனார். அவர்கள் ஆய்வுக்கு வருவதே குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதத்தில்தான், அருவியில் தலையை நனைத்து, பரோட்டா தின்று, அணையை ஜீப்பிலிருந்தே பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். இந்தக் கூத்தைத்தான் சிரிப்பாக இருக்கட்டும் என்று உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நீயோ சிரிக்கவில்லை. தெளிவாகக் கசிந்தால் பொறுக்கலாம், கலங்கலாக வந்தால் கரையின் உள்ளே இருக்கிற மண் அரித்துக்கொண்டு வருகிறது, உடனே தண்ணியை இறக்கச் சொல்லும்மா என்றாய். டவர் போனதும் வாசலில் நின்று கரையைப் பார்த்தேன். கரைக்கு நேர் கீழே நம் தெரு, அதற்கும் கீழே ஓடையை ஒட்டி பர்சானா வீடு, அவள் புருஷன் துபாயில், வீட்டில் இவளும் மாமியாரும் மூன்று பிள்ளைகளும்.

நாறும்பூநாதன் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். ஏ மாரித்தாயி, அம்மனே மஞ்சத்தண்ணி ஆடிட்டிருக்கா, அதப் போயி நீ சேறுன்னு சொல்லுத, வாயி அழுவிரும் பாத்துக்கோ என்றார். அழுகுன வாயோட நான் இருந்துக்கிடுதேன், முழுவுன ஊரோட நீங்க என்ன செய்வீய அண்ணாச்சி என்று கேட்டேன். பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவுகிற நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்ல இவள் யார் என்று கூடியிருந்தவர்கள் கத்தினார்கள். அது நியாயமான கோபம்தான், நம் வயலும் அந்தத் தண்ணீரைத்தானே நம்பி இருக்கிறது. பர்சானாதான் என்னோடு கிளம்பினாள். மாரியக்கா, நீ அந்தச் சாமிய கும்பிடுவ, நான் கும்பிட மாட்டேன், ஆனா வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே கருவேல முள்ளுலதான் தொங்குவோம், வா போவோம் என்றாள்.

அந்த மஞ்சள் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, தென்காசியில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எடுத்துப் போனோம். காலையிலிருந்து அசையாமல் வைத்திருந்ததில் மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. ஊற்று இசக்கி தீர்த்தம், சம்சாரத்துக்குக் கேன்ல கொண்டு போனீயள்லா, இப்ப எங்க கண்ணு முன்னால ஒரு வாய் குடிங்க என்று அந்த ஆபீஸ்காரர் முன்னால் வைத்தேன். கூட்டம் சிரித்தது, அவர் குடிக்கவில்லை. மேடையில் இருந்த பெரிய அதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து இது என்ன மண் என்று கேட்டார். அணைக்கரை ஐயா, கொஞ்சந்தான் கொண்டாந்தோம், மிச்சம் தானா வீட்டுக்கே வந்துரும் என்றாள் பர்சானா. அன்றைக்கே தண்ணீரை இறக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

உத்தரவு வந்தது, அணை ஷட்டரைத் திருகுகிற ஆள் உயரக் கைப்பிடியைக் காணோம். ஆபீஸ்காரர் சங்கத்தைக் கேட்கிறார், சங்கம் ஆபீஸ்காரரைக் கேட்கிறது. கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா, ஊற்று இசக்கி கோயில் வாசலில், வெண்கல மணியைத் தொங்கவிட்டிருந்த இரும்பே அதுதான். சும்மாத்தானே கிடக்கிறது என்று எடுத்து, பெயிண்ட் அடித்து நட்டது உன் அப்பா. கோயில் இரும்பில் கை வைக்க ஒருத்தனும் முன்னால் வரவில்லை. உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்தக் காலத்துக் கைதிகளைப் பார்க்கிற பார்வை. பிறகு தானே போய் மணியைக் கழற்றி அம்மன் காலடியில் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். நாலு ஆள் தொங்கியும் துருப்பிடித்த ஷட்டர் ஒன்றரை முழத்துக்கு மேல் எழும்பவில்லை, அதுவே போதும் என்றார்கள். அன்றிலிருந்துதான் என்னோடு பேச்சில்லை.

தண்ணீர் இறங்க இறங்க ஊற்று முதலில் தெளிந்தது, பிறகு வற்றியது. இசக்கி கோவித்துக்கொண்டு மலையேறிவிட்டாள், விரட்டியது நான் என்று ஊரே சொல்கிறது. கோயில் கொடைத் திருவிழா நின்றுபோனது, கொடைக்கு நேர்ந்துவிட்டிருந்த நம் கிடா பிழைத்துக்கொண்டது, இந்த ஊரில் எனக்கு நன்றி சொல்கிற ஒரே ஜீவன் அதுதான். போன வாரம் மலையில் கொட்டிய மழையில் குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்டார்கள், நம் அணைக்கும் வெள்ளம் வந்தது, வந்த வேகத்தில் ஷட்டர் வழியாகப் போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் என் மேல் குற்றம். அணை உடைந்திருந்தால் நான் சொன்னது சரி என்று ஆகியிருக்கும், கேட்க ஆள் இருந்திருக்காது. உடையாததால் நான் பைத்தியக்காரி, இந்த வருஷம் பிசானம் போனதும் என்னால்தான். நம் வயலும் தரிசாகத்தான் கிடக்கிறது, வருஷம் முழுக்கக் கடையரிசி. அணையைச் செப்பனிட எஸ்டிமேட் சென்னைக்குப் போயிருக்கிறதாம், குற்றாலத்துச் சீசன் மாதிரி அதுவும் வந்தால் உண்டு.

உன்னைப் பெண் கேட்டு வந்த புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன்காரர் வீட்டில், சாமி குத்தம் செய்த வீடு என்று பின்வாங்கிவிட்டார்கள். நீ அங்கே துள்ளிக் குதிப்பது இங்கே கேட்கிறது. குதித்தது போதும், ஒன்று சொல்கிறேன் கேள். நீ போடுகிற ரோட்டுக்குக் கீழேயும் யாராவது ஒரு பர்சானா குடியிருப்பாள், மேலதிகாரி அவசரப்படுத்தினால் எதிர்த்துப் பேசு, வேலை போனால் ரேஷன் அரிசி இருக்கிறது.

உன் அப்பா தினமும் விடிந்ததும் கரைக்குப் போகிறார். அம்மனைக் கும்பிடப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று பர்சானா பார்த்திருக்கிறாள், கும்பிடவெல்லாம் இல்லையாம், குனிந்து ஊற்று இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்க்கிறாராம். வீட்டுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பாமல் கிடாவிடம், இன்னைக்கும் காஞ்சுதாம்லே கெடக்கு, உங்க அம்மைகிட்ட சொல்லிரு என்று சத்தமாகச் சொல்கிறார்.

நீ நிற்கிற மலை சரியாமல் நிற்கட்டும், உன் காலுக்குக் கீழே மண் கெட்டியாக இருக்கட்டும், நூறு வயது இரு. பதில் போடும்போது ஒன்றை மறக்காதே, துருப்பிடித்த ஷட்டருக்கு என்ன கிரீஸ் போடலாம் என்று பேரைக் கொட்டை எழுத்தில் எழுது. நான் கேட்கவில்லை, இன்று காலையில் கிடாவிடம் ஒருத்தர் கேட்டார்.

உன் அம்மா
மாரித்தாய் கோமதிசங்கர்